பீனிசமும் பார்வையும்

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது நம் நாட்டுப் பழமொழி. வந்தவனுக்குத் தெரியும் என்பது உண்மையே. ஆயினும் அவனுக்குத் தெரிவது வலி மட்டுமே. அவ்வலி எவ்விடத்தில் பிறந்து வருகிறது என்பது அவனுக்கும் தெரிவதில்லை. நெற்றியில் வலித்தால் நெற்றியில் நோய் என்றும், கன்னத்தில் வலித்தால் கன்னத்தில் நோய் என்றும் நாம் எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். உடம்பு அத்துணை எளிய கணக்கில் அமைந்ததன்று.

புருவத்தின் மேலும் மூக்கின் அடியிலும் வலியும் பாரமும் தோன்றினால், “எனக்குச் சைனஸ்” என்று சொல்லிக்கொள்வது இக்காலத்து வழக்கம். நம் முன்னோர் இதனைப் பீனிசம் என்றனர். பீனிசம் நாட்பட்டவர் பலருக்கு ஓர் ஐயம் உண்டு. “இந்த நோய் கண்ணைப் பாதிக்குமா? பார்வை போய்விடுமா?” என்று அவர்கள் கேட்கிறார்கள். இவ்வினாவை, சிறப்பாகப் பீனிசத்துக்கும் கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய்க்கும் உள்ள தொடர்பை, இங்கே சற்று விரிவாக ஆராய்வோம். தொடர்பு உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட இயலாது. பலரும் அஞ்சுகின்ற இடத்தில் ஆபத்து சிறிது. அஞ்சாதிருக்கின்ற இடத்தில் ஆபத்து பெரிது. இதனை விளங்கிக்கொண்டால் ஒரு கண்ணையேனும் காப்பாற்றியவர் ஆவோம்.

முதலில் இவ்விரு நோய்களும் எவை என்று காண்போம்.

நம் முகத்து எலும்புகள் முழுதும் கெட்டியானவை அல்ல. மூக்கைச் சுற்றிலும் அவற்றினுள்ளே காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. புருவங்களுக்கு மேலே நெற்றி அறைகள். கண்களுக்குக் கீழே கன்ன அறைகள். இரு கண்களுக்கும் இடையே சல்லடைபோல் பல சிற்றறைகள். மூக்கின் பின்னே, மண்டையின் அடித்தளத்தில், ஆப்பு வடிவான எலும்பினுள் இரண்டு அறைகள். ஆக, வலமும் இடமுமாக நான்கு இணைகள். கன்ன அறையைத் தெளிவாக விவரித்துக் காட்டியவர் ஆங்கில நாட்டு மருத்துவர் நத்தானியேல் ஹைமோர். அவருடைய நூல் 1651-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் பெயராலேயே அவ்வறை நெடுங்காலம் வழங்கி வந்தது.

இவ்வறைகள் யாவும் சிறு துளைகளின் வழியே மூக்கினுள் திறக்கின்றன. அறைகளின் உட்புறத்தைப் போர்த்துள்ள ஈரமான சவ்வு இடையறாது சளிநீரைச் சுரக்கிறது. அச்சவ்வின்மேல் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் வயற்காற்றில் அசையும் நாற்றுகளைப்போல் ஒரே திசையில் அசைந்து, சளிநீரைத் துளையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இதில் வியப்பு ஒன்றுண்டு. கன்ன அறையின் துளை அதன் அடியில் இல்லை, மேற்புறத்தில் இருக்கிறது. தொட்டியின் வடிகாலை விளிம்பருகே வைத்தாற்போன்ற அமைப்பு இது. நுண்மயிர்களின் உழைப்பினாலேயே நீர் மேலேறி வெளிப்படுகிறது. சளி பிடித்துச் சவ்வு வீங்கினால் துளை அடைபடும், நுண்மயிர்கள் சோரும், தேங்கிய நீரில் கிருமிகள் பெருகும். மூக்கடைப்பு, கெட்டியான சளி, முகத்தில் பாரம், மணம் அறியாமை ஆகிய குறிகள் தோன்றும். இக்குறிகள் 12 வாரங்களுக்கு மேலும் நீடித்தால் அதனை நாட்பட்ட பீனிசம் என்று மருத்துவர் வரையறுப்பர்.

இனிக் கண்ணுக்கு வருவோம். கண்ணும் ஒரு வகையில் நீர் நிரம்பிய அறையே. அதன் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரக்கிறது. சுரக்கும் அளவு மிகச் சிறிது. நிமிடம் ஒன்றுக்கு 2 அல்லது 3 மைக்ரோலிட்டர். அதாவது, ஒரு சொட்டில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. இந்நீர் கண்மணித் துளையின் வழியாக முன்னே வந்து, கண்ணின் நிறமுள்ள திரையும் முன்புறக் கண்ணாடிப் படலமும் சந்திக்கும் மூலையில் உள்ள நுண்ணிய சல்லடையில் வடிந்து, இரத்த நாளங்களில் கலக்கிறது. அந்த மூலையைக் கோணம் என்பர். சுரப்பும் வடிப்பும் ஒத்திருக்கும்வரை கண்ணினுள் அழுத்தம் அளவோடிருக்கும். பெரும்பாலோரிடம் அது பாதரசத்தில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை உள்ளது.

வடிகால் கெட்டால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தத்தின் தீங்கு கண்ணின் பின்புறத்தில் தெரியும். அங்கிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு 10 இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிழைகளைத் திரித்த வடம் போன்றது. அவ்விழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. மடிந்தவை மீண்டும் தளிர்ப்பதில்லை. இதுவே கண்ணழுத்த நோய். அழுத்தம் வழக்கமான அளவுக்குள் இருக்கும்போதே நரம்பு நலிவடைவோரும் உண்டு. ஆயினும் நம்மால் மாற்றக்கூடியது அழுத்தம் ஒன்றே ஆதலின், மருத்துவம் அதனையே பற்றி நிற்கிறது.

இந்நோயில் முதன்மையான வகைகள் இரண்டு. ஒன்றில் கோணம் திறந்தே இருக்கும். சல்லடை மட்டும் மெல்ல மெல்லத் தூர்ந்து வரும். இதில் வலி இல்லை, சிவப்பு இல்லை. பார்வையின் ஓரங்கள் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து வருவதை நோயாளி அறியார். மற்றொன்றில் கோணமே அடைபட்டுப் போகும். அது சிலருக்கு மெதுவாகவும், சிலருக்குத் திடீரெனவும் நிகழும். திடீரென அடைபட்டால் அழுத்தம் சில மணி நேரத்தில் 40, 50, 60 என்று ஏறிவிடும். கடுமையான வலி தோன்றும். உடனே கவனியாவிடில் சில நாட்களிலேயே கண் பறிபோகவும் கூடும்.

நம் நாட்டில் இந்நோய் அரிதன்று. தமிழ்நாட்டின் தென்பகுதிக் கிராமங்களில் 40 வயதைக் கடந்தவர்களை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 2.6 பேருக்குக் கண்ணழுத்த நோய் இருந்தது. அவர்களுள் திறந்த கோண வகையைச் சேர்ந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தமக்கு அந்நோய் இருப்பதை அதற்குமுன் அறிந்திலர். கண்புரை வந்தவர் அறுவைக்குப் பின் பார்வை பெறுகிறார். கண்ணழுத்த நோயால் இழந்த பார்வையோ திரும்புவதில்லை. இருப்பதைக் காக்கலாம், போனதை மீட்க முடியாது. அறியாமை இங்கே இவ்வளவு கொடிதாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

பீனிசம் இதனோடு எவ்வாறு தொடர்பு கொள்கிறது? நான்கு வழிகளைக் கூறலாம்.

முதல் வழி, அண்டை வீட்டுத் தொடர்பு. கண்குழிக்கு மேலே நெற்றி அறை. கீழே கன்ன அறை. உட்புறத்தில் சல்லடை அறைகள். மூன்று பக்கமும் காற்றறைகளே கண்ணுக்கு அண்டை. அவற்றுள் சல்லடை அறைகளுக்கும் கண்குழிக்கும் இடையே உள்ள எலும்பு மிக மெல்லியது. உடற்கூற்று நூலோர் அதற்குக் காகிதத் தகடு என்றே பெயரிட்டுள்ளனர். அறையில் சீழ் கட்டி, நோய் இத்தகட்டைக் கடந்துவிட்டால், கண்குழி வீங்கும். கண் முன்னே பிதுங்கும். அசைக்க முடியாமல் நிற்கும். கண்ணிலிருந்து இரத்தம் வெளியேறும் நாளங்களும் நெருக்குண்டு, கண்ணினுள் அழுத்தம் உயரும். ஆப்பெலும்பின் அறை பார்வை நரம்பை ஒட்டியே இருப்பதால், அவ்வறையின் வீக்கம் சிலவேளை நரம்பையே தாக்குவதும் உண்டு. இவை மெய்யான ஆபத்துகள். எனினும் இவை அரியவை; பீனிசம் உள்ளவருள் மிகச் சிலருக்கே நேர்பவை. சளியும் காய்ச்சலுமாக இருப்பவருக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, இமை வீங்கிக் கண் பிதுங்கினாலும், பார்வை மங்கினாலும், ஒன்று இரண்டாகத் தெரிந்தாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். இது போதிய எச்சரிக்கை. சாதாரணப் பீனிசக்காரர் இதனையெண்ணி உறக்கமிழக்க வேண்டா.

இரண்டாவது வழி, கணக்கின் வழி. தைவான் நாட்டில் மக்கள் அனைவர்க்கும் பொதுவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 1995 முதல் நடந்துவருகிறது. அதன் பதிவேடுகளைக் கொண்டு ஆராய்ந்தோர், திறந்த கோணக் கண்ணழுத்த நோய் உள்ளவர்களிடையே, முன்னரே நாட்பட்ட பீனிசத்துக்கு மருத்துவம் பெற்றவர்கள், நோய் இல்லாதவர்களிடையே இருந்ததைவிட மிகுதியாக இருக்கக் கண்டனர். இதைக் கேட்டவுடன் பீனிசமே கண்ணழுத்த நோயை உண்டாக்குகிறது என்று சொல்லிவிடலாமா? ஆகாது. தெருவில் குடை விரிந்த நாளெல்லாம் சேறும் இருக்கிறது. அதனால் குடை சேற்றை உண்டாக்கிற்று என்போமா? இரண்டுக்கும் மூலம் மழை. அதுபோலவே இங்கும் வேறு காரணங்கள் இருத்தல் கூடும். பீனிசக்காரர் அடிக்கடி மருத்துவரிடம் செல்வதால் அவருக்குள்ள மற்ற நோய்களும் கண்டுபிடிக்கப்படலாம். பீனிசத்துக்கு உட்கொண்ட மருந்தே கண்ணைப் பாதித்திருக்கலாம். உடம்பில் நீடித்த அழற்சி நரம்பை நலித்திருக்கலாம். இவற்றுள் எது மெய் என்று காப்பீட்டுப் பதிவேடு சொல்லாது. நாம் கொள்ளத்தக்கது இதுவே: பீனிசம் நாட்பட்டவர் கண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

மூன்றாவது வழியே நாம் மிகுதியும் அஞ்சத்தக்கது. அது நோய் தரும் தொடர்பன்று. நோயைக் குறித்த மயக்கம் தரும் தொடர்பு.

முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்வது ஐந்தாம் மூளை நரம்பு. அதன் முதற்கிளை கண்ணுக்கும் செல்கிறது, நெற்றிக்கும் செல்கிறது, நெற்றி அறைக்கும் சல்லடை அறைகளுக்கும் செல்கிறது. ஒரு பெரிய வீட்டின் பல வாயில்களுக்கும் ஒரே மணியைக் கட்டி வைத்தால், மணி ஒலிக்கும்போது எந்த வாயிலில் ஆள் நிற்கிறான் என்று உள்ளே இருப்பவனுக்கு எவ்வாறு தெரியும்? கண்ணில் அழுத்தம் ஏறினாலும் புருவம் வலிக்கும். நெற்றி அறை அடைத்தாலும் புருவம் வலிக்கும். வலியுற்றவர் தாம் நன்கறிந்த நோயின் பெயரையே அதற்குச் சூட்டுவார்.

ஓர் எடுத்துக்காட்டை மனத்தில் அமைத்துக்கொள்வோம். அறுபது வயதை நெருங்கும் ஓர் அம்மையார். இளமை முதலே பீனிசத்தொல்லை உடையவர். சில மாதங்களாக விளக்கு வைக்கும் நேரத்தில் வலப் புருவத்தில் வலி எழுகிறது. வழக்கம்போல் நொச்சி இலையைக் கொதிக்க வைத்து ஆவி பிடிக்கிறார். சுக்கை இழைத்துப் பற்றுப் போடுகிறார். தூங்கி எழுந்தால் வலி இல்லை. சுக்கும் நொச்சியும் குணம் தந்தன என்று அவர் மகிழ்கிறார். அவ்வப்போது விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வண்ண வளையம் தெரிகிறது. அது கண்ணாடி அழுக்காக இருப்பதால் என்று எண்ணுகிறார். ஒரு நாள் மாலை வலி பொறுக்க முடியாததாகிறது. குமட்டி வாந்தி வருகிறது. “பித்தம் தலைக்கேறியது” என்று வீட்டார் எலுமிச்சஞ்சாறு கொடுக்கிறார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவ்வாறே கழிகின்றன. மூன்றாம் நாள் கண் மருத்துவரிடம் செல்லும்போது வலக்கண் கையசைவை மட்டுமே காண்கிறது. அவருக்கு வந்தது பீனிசமன்று. கோணம் அடைபட்ட கண்ணழுத்தம்.

அவ்வம்மையாருக்குத் தூக்கத்தில் ஏன் வலி நீங்கிற்று? அதில்தான் மயக்கத்தின் வேர் இருக்கிறது. மங்கிய ஒளியில் கண்மணித் துளை விரிகிறது. இயல்பிலேயே கோணம் குறுகிய கண்ணில், அவ்வாறு விரியும்போது நீர் முன்னே வருவது தடைப்பட்டு, நிறத்திரை முன்னோக்கித் தள்ளப்பட்டு வடிகாலை மூடுகிறது. அழுத்தம் ஏறுகிறது, கண்ணாடிப் படலம் நீர்கோத்து மங்குகிறது, அதனால் வண்ண வளையங்கள் தோன்றுகின்றன. உறங்கும்போது துளை சுருங்குகிறது, வடிகால் திறக்கிறது, வலி அகல்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் திரை வடிகாலோடு சிறிது ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாள் அது திறவாமலே போகிறது.

பீனிச வலியின் நடை வேறு. நெற்றி அறையில் நோய் உள்ளவருக்குக் காலையில் எழுந்து சற்று நேரத்தில் வலி தொடங்கி, முற்பகலில் ஏறி, பிற்பகலில் தணிவது வழக்கம். சூரியனோடு ஏறி இறங்கும் தலைவலியை ஆயுர்வேத நூலோர் சூரியாவர்த்தம் என்று அழைத்தது இங்கே நினைக்கத்தக்கது. குனிந்தால் வலி மிகும்; மூக்கு அடைத்திருக்கும்; கெட்டிச் சளி வரும்; மணம் குன்றும். கண்ணழுத்த வலியிலோ மூக்கு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், வலி ஒரு கண்ணைச் சார்ந்திருக்கும், மாலையிலும் மங்கிய ஒளியிலும் எழும், பார்வை மங்கும், வண்ண வளையம் தோன்றும், கண் சிவக்கும், வாந்தி வரும். நாற்பதைக் கடந்தவர்கள், அவர்களுள்ளும் பெண்கள், தூரப்பார்வைக் குறைக்குக் கனத்த குவிகண்ணாடி அணிவோர், இந்நோய் உள்ள குடும்பத்தில் பிறந்தோர் ஆகியோரிடம் குறுகிய கோணம் மிகுதி.

இவ்வேறுபாடுகளை வைத்து வீட்டிலேயே தீர்ப்புக் கூறிவிடலாகாது. நெற்றிவலி எல்லாம் இவ்விரண்டில் ஒன்று என்பதும் இல்லை. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், தமக்குச் சைனஸ் தலைவலி என்று கூறிய ஏறத்தாழ 3,000 பேரைச் சோதித்ததில், நூற்றுக்கு 88 பேருக்கு இருந்தது மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி வகை என்று தெரியவந்தது. நம் வலிக்கு நாமே பெயர் வைப்பதில் எவ்வளவு பிழை நேர்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஐயம் தீர வழி எளிது. கண் மருத்துவர் கண்ணின் அழுத்தத்தைச் சில நிமிடங்களில் அளந்து சொல்லிவிடுவார்.

நான்காவது வழி, மருந்தின் வழி. இதுவும் கவனிக்கத்தக்கது.

சளிக்கென்று கடைகளில் விற்கும் மாத்திரைகள் பலவற்றில் மூக்கடைப்பை நீக்கும் மருந்தும், தும்மலை அடக்கும் மருந்தும் கலந்திருக்கின்றன. முன்னது மூக்கின் நாளங்களைச் சுருக்குவதோடு கண்மணித் துளையை விரிக்கவும் வல்லது. பின்னதன் பழைய வகைகளுக்கும் அவ்வியல்பு ஓரளவு உண்டு. கோணம் அகன்ற கண்ணில் இதனால் தீங்கில்லை. குறுகிய கோணம் உடையவருக்கோ, மாலை மங்கல் செய்யும் அதே வேலையை இம்மாத்திரை நண்பகலிலேயே செய்துவிடக்கூடும். கண்ணழுத்த நோய் உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது என்று சில மருந்துகளின் உறையில் அச்சிட்டிருப்பது இதனாலேயே. தமக்குக் குறுகிய கோணம் இருப்பதை அறியாதவர் அந்த எச்சரிக்கையைப் படித்தும் பயன் கொள்ள முடியாது. தம்மைக் குறித்தது அன்று என்று எண்ணிக்கொள்வார். கோணத்தைச் சோதித்து, லேசர் ஒளியால் நிறத்திரையில் சிறு துளை இட்டுக்கொண்டவருக்கு இந்த ஆபத்துப் பெரும்பாலும் நீங்குகிறது.

அடுத்தது ஸ்டீராய்டு மருந்து. அழற்சியை அடக்குவதில் இதற்கு நிகரானவை சிலவே; நாட்பட்ட பீனிசத்திலும், மூக்கினுள் வளரும் சதையிலும் இது பெரிதும் பயன்படுகிறது. ஆனால் ஸ்டீராய்டு சிலருடைய கண்ணின் வடிகாலை மந்தமாக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது என்பது 1950-களிலேயே அறியப்பட்டது. கண்ணில் இடும் ஸ்டீராய்டுச் சொட்டை வாரக்கணக்கில் பயன்படுத்தினால், ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு உயரும். நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு மிக உயரும். கண்ணழுத்த நோய் உள்ளவரிடமும் அவர்தம் மக்கள், உடன்பிறந்தாரிடமும் இவ்வியல்பு மிகுதி. வலி இராது, சிவப்பு இராது, நரம்பு மட்டும் தேயும்.

இங்கே அளவறிந்து பேசுதல் வேண்டும். மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டுத் தெளிப்பான் உடம்பிற் சேரும் அளவு சிறிது. அதனால் பெரும்பாலோருக்குக் கண்ணழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதில்லை என்றே சோதனைகள் காட்டியுள்ளன. ஆகவே மருத்துவர் எழுதிக்கொடுத்த தெளிப்பானைப் பயந்து நிறுத்திவிட வேண்டா. கண்ணழுத்த நோய் முன்பே உள்ளவர் மட்டும் அழுத்தத்தை அவ்வப்போது அளந்துகொண்டால் போதும். மாத்திரையாக உண்பதும் ஊசியாகப் போடுவதும் அதனினும் கவனத்துக்குரியவை. பெயரும் சரக்கும் குறிக்காமல் பொட்டலமாக விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை சோதனைகளில் வெளிப்பட்டதுண்டு. அவற்றைத் தொடாதிருத்தலே நன்று.

எல்லாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. ஒவ்வாமையால் மூக்கு ஒழுகுவோருக்குக் கண்ணும் அரிப்பது வழக்கம். அவர் மருந்துக்கடைக்குச் சென்று, “கண் அரிப்புக்கு ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்” என்கிறார். ஸ்டீராய்டு கலந்த சொட்டு கைக்கு வருகிறது. இரண்டு துளி விட்டவுடன் அரிப்பு நிற்கிறது, சிவப்பு மறைகிறது. இதைவிட நல்ல மருந்து உண்டா என்று மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அதனையே வாங்கி விடுகிறார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு விடப்படுகிறது. பிள்ளையின் கண் பளிச்சென்றிருக்கிறது. உள்ளே நரம்பு தேய்ந்துகொண்டிருக்கிறது. கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளை சொல்லும் நாளில், கண் மருத்துவர் செய்யக்கூடியது எஞ்சியதைக் காப்பது மட்டுமே. மூக்கிலிருந்து தொடங்கிய தொல்லை பார்வையில் முடிவதற்கு இதுவே நாட்டில் திறந்து கிடக்கும் பெரிய வாயில். இதனை அடைக்கப் பெரும் பொருளோ பெரும் புலமையோ வேண்டா; மருத்துவர் சீட்டின்றிக் கண்ணுக்கு மருந்து வாங்குவதில்லை என்னும் உறுதி ஒன்றே போதும்.

நோய் உறுதியானால் மனம் தளர வேண்டியதில்லை. கண்ணழுத்த நோயின் மருத்துவ வரலாறு நம்பிக்கை ஊட்டுவது. 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். அதன்பின் பார்வை நரம்பை உயிருள்ள மனிதரிடத்தே காண முடிந்தது. 1857-இல் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே, நிறத்திரையின் ஒரு சிறு பகுதியை அகற்றினால் திடீர்க் கண்ணழுத்தம் தணியும் என்று காட்டினார். இவ்வரலாற்றில் நம் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. 1819-இல் தொடங்கப்பெற்று இன்று எழும்பூரில் விளங்கும் அரசினர் கண் மருத்துவமனையின் தலைவராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909-இல் கண்ணின் ஓரத்தில் நுண்ணிய வட்டத் துளை இட்டு நீருக்குப் புது வடிகால் அமைக்கும் அறுவையைச் செய்யத் தொடங்கினார். அது எலியட் முறை என்று பெயர் பெற்று உலகெங்கும் பரவிற்று. பிற்காலத்தில் அதனினும் செம்மையான முறைகள் வந்தன. இன்று பெரும்பாலோருக்குக் கண் சொட்டு மருந்தும் லேசர் ஒளியுமே போதுமானவையாக இருக்கின்றன. திடீர்க் கண்ணழுத்தத்திலும், முதல் சில மணி நேரத்திலேயே வந்தவருக்கு மருந்தால் அழுத்தத்தைத் தணித்து, லேசரால் துளை இட்டு, பார்வையைக் காக்க முடிகிறது. மற்றக் கண்ணுக்கும் முன்னதாகவே அவ்வாறு செய்து அதனையும் காக்கின்றனர்.

ஆகவே, பீனிசத்தால் வருந்துவோர் மேற்கொள்ள வேண்டியவை சிலவே. நாற்பது வயதைக் கடந்தவர் கண்ணாடி மாற்றச் செல்லும்போது எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு வருவதோடு நில்லாது, கண்ணின் அழுத்தம், கோணம், பார்வை நரம்பு ஆகிய மூன்றையும் பார்க்கும்படி கேட்க வேண்டும். மூக்கு மருத்துவரிடம் செல்லும்போது, தமக்கோ பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ கண்ணழுத்த நோய் உண்டாயின் அதனைச் சொல்ல வேண்டும். கண் மருத்துவரிடம் செல்லும்போது, மூக்குக்கென்று உண்ணும் மருந்துகளையும் தெளிக்கும் மருந்துகளையும் கையோடு எடுத்துச் சென்று காட்ட வேண்டும். மாலையில் எழும் ஒற்றைக் கண்வலியையும், விளக்கைச் சூழும் வண்ண வளையத்தையும் பீனிசத்தின் கணக்கில் எழுதிவிடாமல், அன்றே கண்ணைக் காட்ட வேண்டும்.

இரு மருத்துவரும் ஒரே முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் மூக்கைப் பார்க்கிறார், ஒருவர் கண்ணைப் பார்க்கிறார். இடையே செய்தியைக் கொண்டு சேர்க்க வேண்டியவர் நோயாளியும் அவர் வீட்டாருமே. பீனிசம் தொல்லை தரும், உயிரை வாட்டும், ஆனால் தானாகப் பார்வையைப் பறிப்பது அரிது. அதன் பெயரால் நாம் காட்டும் அசட்டையும், அதன் பெயரால் நாமே வாங்கி இடும் மருந்தும் பார்வையைப் பறித்துவிடும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயன் என்ன? வலிக்குப் பெயர் சூட்டுமுன் கண்ணை ஒருமுறை காட்டிவிட்டு வருவோம்.